டிரஸர் ஐயா இல்லாத ஊரில் யாரைத் தேடுவது?



ஒரு காலத்தில் நமக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது தலை கனக்கிறதா, நேரே டிரஸர் அறைக்குப் போய் வரிசையில் நிற்போம். குழந்தைக்கு வயிற்றோட்டமா, நடு இரவில் டிரஸர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். திட்டிக்கொண்டேதான் வருவார், ஆனால் வருவார். அவர் இருக்கும் இடம் லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இன்றைக்கு எத்தனை தோட்டங்களில் அந்த அறை திறந்திருக்கிறது? பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பல தோட்டங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. மீந்த தோட்டங்கள் பலவற்றில் டிரஸர் பென்ஷன் வாங்கிப் போனபின் வேறு ஆளைப் போடவில்லை. நம் ஜனங்களில் பாதிப்பேர் பக்கத்துச் சின்னப் பட்டணங்களில் குடியேறிவிட்டார்கள். ஆனால் நோய் மட்டும் பென்ஷன் வாங்கவில்லை!

ஆகவே இந்த மாதப் பாடம் இதுதான்: சின்னப் பட்டணத்தில், பழைய டிரஸர் ஐயாவின் இடத்தில் இன்று இருப்பவர் யார், அவரை எங்கே தேடுவது, அவரிடம் என்ன கேட்பது, எப்போது அவருக்காகக் காத்திராமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுவது?

ஒரு முள் செய்த வேலை

முதலில் ஓர் உண்மைச் சம்பவம். ஊரும் பேரும் வேண்டாம். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டிய வயது. பல வருடமாக இனிப்பு நீர் நோய் உண்டு. மாத்திரையைச் சாப்பிடுவார், சில மாதம் மறந்தும் விடுவார். ஒரு நாள் பழைய சப்பாத்தின் ஓட்டை வழியாகச் செம்பனை முள் ஒன்று குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். வலி இல்லை. "வலிக்கவே இல்ல, அப்புறம் என்னத்துக்கு மருந்து?" என்று இருந்துவிட்டார்.

நாலாம் நாள் கால் வீங்கியது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைத்துக் கட்டினார். தோட்டத்து டிரஸர் அறை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. ஏழாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று, பட்டணத்தில் ஒரு கடையின் பின்னறையில் ஊசி போடும் ஓர் ஆளிடம் போனார். முப்பது வெள்ளி. ஒரு ஊசி, பேர் எழுதாத ஒரு பொட்டலம் மாத்திரை. இரண்டு நாள் சுகமாயிருந்தது போல இருந்தது. பதினோராம் நாள் கால் நாற ஆரம்பித்தது.

மகள் பிடிவாதமாக அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த எச்.ஏ. காலைப் பார்த்தார்; விரலை அழுத்திப் பார்த்தார்; விரல் நுனியில் குத்தி இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்தார். பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஆம்புலன்சுக்கு ஆள் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது.

ஆம்புலன்சில் ஏற்றும்போது அந்த எச்.ஏ. கேட்டாராம்: "ஏம்மா, மொத நாளே வந்திருக்கலாமே?"

"எங்க வர்றதுன்னு தெரியலையே தம்பி!"

இத்தனைக்கும் அந்தக் கிளினிக், அக்கா ஞாயிறுதோறும் சாமான் வாங்கப் போகும் மார்க்கெட்டுக்குப் பின்புறம்தான் இருக்கிறது. அவர் போவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு கிளினிக்குக்கு லீவு. பூட்டிய கேட்டையே பார்த்துப் பார்த்து, "அது எப்பவோ மூடிப் போச்சு" என்று நினைத்துவிட்டார். ஒரு விரலுக்குக்கூட அந்த விலை கொடுக்கலாமா, சொல்லுங்கள்!

டிரஸரே இன்று யார்?

பெயர் மாறிக்கொண்டே வந்ததால்தான் நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம். கித்தாத் தோட்ட நாளில் காயத்துக்குக் கட்டுப்போடுபவர் என்ற பொருளில் 'டிரஸர்' என்றார்கள். மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்ததும் அவர்தான். தோட்டத்துக்கு டாக்டர் எப்போதாவதுதான் வருவார். அன்றாடம் இருந்து பார்த்தவர் டிரஸர்.

பிறகு 'ஆஸ்பத்திரி அசிஸ்டென்ட்' என்று பெயர் வந்தது. அதைச் சுருக்கித்தான் இன்றும் எச்.ஏ. என்கிறோம். தோட்டங்களில் வேலை செய்யும் எச்.ஏ.க்களைப் பதிவு செய்ய 1965-ல் தனிச் சட்டம் வந்தது. அரசாங்கத்தில் 'மெடிக்கல் அசிஸ்டென்ட்' என்று அழைக்கப்பட்டவர்களுக்கு 1977-ல் பதிவுச் சட்டம் வந்தது. இப்போது அவர்களுக்கு மலாயில் 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்' என்று பெயர். மருத்துவ அதிகாரிக்குத் துணை அதிகாரி என்று அர்த்தம். பெயர் நீண்டுவிட்டது, வேலை பழைய டிரஸர் வேலையின் வளர்ச்சிதான்.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் உண்டு. அங்கே 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில், கடற்படையில் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய நாலு பேரைக் கொண்டு முதல் வகுப்பைத் தொடங்கினார்கள். டாக்டர் போகாத சின்ன ஊர்களுக்கு இவர்கள் பெரிய துணையானார்கள். நம் தோட்டங்களில் டிரஸர் அதற்குப் பல பத்தாண்டு முன்பிருந்தே இருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளிக்குப் பக்கத்திலேயே ஒரு வைத்திய உதவி இருக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

எச்.ஏ. ஆவதற்கு மூன்று வருட டிப்ளோமாப் படிப்பு உண்டு. படித்து முடித்துப் பதிவு செய்துகொண்ட பிறகே வேலை செய்யலாம். ஆகவே "டாக்டர் இல்லையாம், எச்.ஏ.தானாம்" என்று முகம் சுளித்துத் திரும்பி வருவது தவறு. அதேபோல, "அவரே டாக்டர்தான்" என்று நினைப்பதும் தவறு.

அவர் செய்யக்கூடியது என்ன?

காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம், தோல் நோய் போன்றவற்றைப் பார்த்து மருந்து கொடுப்பார். காயத்தைக் கழுவித் தையல் போடுவார், கட்டு மாற்றுவார். ஊசி போடுவார், ஏற்பு ஊசியும் அதில் அடக்கம். இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் இருப்பவர்களை மாதாமாதம் பார்ப்பார். அவசர வேளையில் முதல் சிகிச்சை கொடுத்து, ஆம்புலன்சில் கூடவே போவார். எல்லாவற்றுக்கும் மேலாக, எது தன் கைக்கு அடங்காதது என்று கண்டு டாக்டரிடம் அனுப்புவார். அந்த அக்காவின் காலைக் காப்பாற்றியது அந்தப் பார்வைதான்.

பெரிய அறுவைச் சிகிச்சை அவர் வேலையல்ல. இருதயம், சிறுநீரகம் போன்ற சிக்கலான நோய்களில் முடிவு சொல்வது டாக்டர். "நான் டாக்டருக்கு எழுதித் தாரேன், போங்க" என்று எச்.ஏ. சொன்னால், கைகழுவி விடுகிறார் என்று எண்ணக் கூடாது. அது அவர் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்பதற்கு அடையாளம். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்!

எங்கே தேடுவது?

ஒன்று: அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். பலகையில் 'கிளினிக் கெசிஹாத்தான்' என்று எழுதியிருக்கும். சின்னப் பட்டணங்களில் பெரும்பாலும் போலீஸ் நிலையம், தபால் நிலையம், அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் பக்கம் பாருங்கள். இங்கே எச்.ஏ. இருப்பார், பெரும்பாலான இடங்களில் டாக்டரும் இருப்பார். மலேசியக் குடிமக்களுக்குச் சாதாரண வைத்தியத்துக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டணம் கூடுதல்.

இரண்டு: 'கிளினிக் கொமுனிட்டி'. 2010-ல் 'கிளினிக் சத்து மலேசியா' என்று தொடங்கிப் பிறகு பெயர் மாறியவை இவை. கடைவீதிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இருக்கும். தொடக்கத்தில் எச்.ஏ.வையும் தாதியையும் வைத்தே இவற்றை நடத்தினார்கள். காய்ச்சல், சிறு காயம், இரத்தக் கொதிப்புப் பார்த்தல் போன்றவற்றுக்கு இது போதும்.

மூன்று: 'கிளினிக் டேசா'. கிராமப்புறத்துச் சிறு கிளினிக். இங்கே இருப்பவர் எச்.ஏ. அல்ல, கிராமத் தாதி. கர்ப்பிணிப் பெண்கள், குழந்தைகளின் தடுப்பூசி, சிறு உபாதைகள் இவற்றுக்குப் போகலாம். காயத்துக்குத் தையல் வேண்டுமென்றால் வேறு இடம் போக வேண்டியிருக்கும். எங்கே போவது என்று அந்தத் தாதியே சொல்வார்.

நான்கு: மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும். இங்கே உங்களை முதலில் பார்த்து, யாருக்கு அவசரம் அதிகம் என்று தரம் பிரிப்பவர் பெரும்பாலும் எச்.ஏ.தான். பின்னால் வந்தவரை முன்னால் அழைத்தால் கோபப்படாதீர்கள். வரிசை வந்த நேரத்தைப் பொறுத்தது அல்ல, உயிரைப் பொறுத்தது.

ஐந்து: பக்கத்துப் பெரிய தோட்டத்தின் டிஸ்பென்சரி. சில தோட்டக் கம்பெனிகள் பல தோட்டங்களுக்குச் சேர்த்து ஒரு எச்.ஏ.வை வைத்திருப்பதுண்டு. உங்கள் தோட்டம் அதில் சேர்ந்ததா என்று கிராணியிடமோ சங்கத் தலைவரிடமோ கேட்டு வையுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: கிளினிக் திறக்கும் நாளையும் நேரத்தையும் நேரில் போய் எழுதி வாருங்கள். கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் அரசாங்க லீவு வெள்ளியும் சனியும். மற்ற மாநிலத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இதில் ஏமாறுவதுண்டு. சுகமாயிருக்கும் நாளிலேயே ஒரு தடவை போய் வழியைப் பார்த்து வாருங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இதுதான்.

போலிகளிடம் ஏமாறாதீர்

கடைப் பின்னறையில் ஊசி போடுபவர் எச்.ஏ. அல்ல. முன்பு எங்கோ ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன் என்று சொல்வார். சொல்பவர் எல்லாம் பதிவு பெற்றவர் ஆகிவிட மாட்டார்.

நினைவில் வையுங்கள்: தனியார் கிளினிக்கைப் பதிவு செய்து நடத்தப் பதிவு பெற்ற டாக்டர் வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழை வந்தவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். 1998-ல் வந்த தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் ஏற்பாடு இது. சான்றிதழ் எங்கே என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டதும் கோபம் வந்தால், அங்கே ஊசி போட்டுக்கொள்ளாமல் எழுந்து வாருங்கள்.

பேர் எழுதாத மாத்திரைப் பொட்டலத்தை வாங்காதீர்கள். நம் நாட்டில் பதிவான மருந்துப் பெட்டியின் மேல் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் இருக்கும். சந்தையில் விற்கும் சில மூட்டுவலி மருந்துகளிலும் ஜாமுவிலும் ஸ்டீராய்டு என்ற மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருந்து அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள். அது இரண்டு நாளில் வலியை மறைக்கும், பசி எடுக்கும், "அற்புதமான மருந்து" என்று தோன்றும். ஆனால் சீனி ஏறும், இரத்தக் கொதிப்பு ஏறும், எலும்பு பலவீனமாகும், புண் ஆறாது. இனிப்பு நீர் உள்ளவருக்கு இது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல.

போகும்போது எதைக் கொண்டுபோவது?

அடையாள அட்டை, வெளிநாட்டுத் தோழர் என்றால் பாஸ்போர்ட். கிளினிக்கில் கொடுத்த புத்தகம் அல்லது அட்டை. சாப்பிடுகிற எல்லா மருந்தும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில். "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்றால் எச்.ஏ.வுக்கு எப்படித் தெரியும்? உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளைதான்!

அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை ஐந்து:

1. எது, எப்போது தொடங்கியது? "ரொம்ப நாளா" என்று சொல்லாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை நாள் என்று சொல்லுங்கள்.

2. உங்களுக்கு என்ன வேலை? மருந்தடிக்கிறீர்களா, குலை வெட்டுகிறீர்களா, சாக்கடை சுத்தம் செய்கிறீர்களா? இது மிக முக்கியம். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, பிறகு மஞ்சள் காமாலை என்று போகும். "ஈரக் காட்டில், எலி நடமாடும் இடத்தில் வேலை செய்கிறேன்" என்று நீங்கள் சொன்னால்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார்.

3. முன்பே உள்ள நோய்: இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா.

4. ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா?

5. பெண்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் சொல்ல வேண்டும். வெட்கம் வேண்டாம்.

வரும்போது அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எனக்கு என்ன நோய்? மருந்தை எப்படி, எத்தனை நாள் சாப்பிடுவது? எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்?

மலாய் சரளமாக வராதவர்களுக்குச் சில வார்த்தைகள்

நம் தாய்மார்கள் பலர் வாய் திறக்கத் தயங்கித் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறார்கள். இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

டெமாம் — காய்ச்சல். டெமாம் திகா ஹாரி — மூன்று நாள் காய்ச்சல்.
சாகிட் டாடா — நெஞ்சு வலி.
சுசா பெர்நாஃபாஸ் — மூச்சு விடக் கஷ்டம்.
லூக்கா — காயம், புண்.
கென்சிங் மானிஸ் — இனிப்பு நீர்.
டாரா திங்கி — இரத்தக் கொதிப்பு.
மெங்கண்டுங் — கர்ப்பம்.
கெனா ராச்சுன் — விஷ மருந்து பட்டுவிட்டது.
கெனா பாதோக் உலார் — பாம்பு கடித்துவிட்டது.
அலாஹான் உபாட் — மருந்து ஒத்துக்கொள்ளாது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கூட அழைத்துப் போகலாம். ஆனால் அம்மாவின் அந்தரங்க நோயைப் பிள்ளை வாயால் சொல்ல வைக்காதீர்கள். அதற்குப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிப் போவது நல்லது.

கிளினிக்குக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை

கீழ்க்கண்டவற்றில் "காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. 999-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் தூரம் என்றால், கிடைக்கும் காரில் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நெஞ்சில் பாரம், வலி, கை அல்லது தாடைக்குப் பரவுதல், வேர்த்துக் கொட்டுதல். வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

திடீரென்று வாய் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குளறல். இது பக்கவாதம். ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குச் சேதம்.

பாம்புக் கடி. இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துக் கொண்டுபோங்கள். பாம்பைத் துரத்திப் பிடிக்கப் போய் இன்னொருவர் கடி வாங்க வேண்டாம்.

தெளிப்பு மருந்து. உடுப்பைக் கழற்றி, உடம்பை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குடித்துவிட்டிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் போத்தலின் சீட்டைக் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பழைய போத்தல் ஸ்டோரில் கிடக்கலாம். ஒரு வாய் போனாலும் உயிர் போகும்.

டெங்கி. காய்ச்சல் இறங்கியதும் "சுகமாச்சு" என்று நம்பிவிடாதீர்கள். இறங்கும் சமயத்தில்தான் ஆபத்து. கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு கண்டால் உடனே ஓடுங்கள். டெங்கிச் சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின் வேண்டாம்.

குழந்தைக்கு வலிப்பு; கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல்; நிற்காத இரத்தம்.

இனிப்பு நீர் உள்ளவருக்குக் காலில் எந்தப் புண்ணும் சின்னப் புண் அல்ல. நரம்பு மரத்துப் போவதால் வலி தெரியாது. வலிக்கவில்லை என்பதே அபாய மணி. சிறு புண்ணென்றால் அன்றைக்கே கிளினிக். வீக்கமும் நாற்றமும் என்றால் நேரே ஆஸ்பத்திரி. தினமும் இரவில் கால் கழுவும்போது பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எம்.சி.யும் நம் உரிமையும்

இங்கேதான் பலர் சம்பளத்தைப் பறிகொடுக்கிறார்கள். கவனமாகப் படியுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவை என்றால் வருடத்துக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் 18 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை.

ஆனால் சட்டம் கேட்பது பதிவு பெற்ற டாக்டர் அல்லது அரசாங்க மருத்துவ அதிகாரி தரும் சான்றிதழ். நிர்வாகம் நியமித்த டாக்டர் இருந்தால் அவரிடம் போக வேண்டும். அவர் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காவிட்டால் வேறு டாக்டரிடம் போகலாம். எச்.ஏ. கொடுக்கும் சீட்டு, நீங்கள் வந்து போன நேரத்துக்குச் சாட்சி. அதையே எம்.சி. என்று எல்லா நிர்வாகமும் ஏற்காது. ஆகவே வேலைக்குப் போக முடியாத நோய் என்றால், "எனக்கு எம்.சி. வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று எச்.ஏ.விடமே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எம்.சி. கையில் இருந்தும் தகவல் சொல்லாமல் இருந்தால், அனுமதியில்லாமல் வராதவர் என்று கணக்கில் வைக்கலாம். மண்டோரிடம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. போனில் ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். அது அழியாமல் இருக்கும்.

வேலையில் பட்ட காயம் என்றால், சிறு முள்ளாக இருந்தாலும், அன்றைக்கே மண்டோரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். கிளினிக்கிலும் "வேலை செய்யும்போது பட்டது" என்று சொல்லி எழுத வையுங்கள். சொக்சோவுக்கு அந்த எழுத்துத்தான் ஆதாரம். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. நம்மோடு தோள் கொடுக்கும் அந்தத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அந்த அக்கா முள் குத்திய அன்று யாரிடமும் சொல்லவில்லை. பிற்பாடு அது தோட்டத்தில் குத்திய முள்தான் என்று நிரூபிக்கச் சங்கம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கிளைச் சங்கங்கள் செய்ய வேண்டியது

தோழர்களே, தனி ஆளாகத் தேடினால் பதினோரு நாளாகும். சேர்ந்து தேடி வைத்தால் பதினோரு நிமிடம் போதும். ஒவ்வொரு கிளையும் இந்த மாதத்திலேயே ஓர் அட்டை தயாரித்து, கோயில் சுவரிலும் ஆயாக்கொட்டகையிலும் பெரட்டுக் களத்திலும் ஒட்டட்டும். அதில் எழுத வேண்டியவை: பக்கத்துக் கிளினிக் எங்கே, எந்த நாள், எந்த நேரம், அதன் தொலைபேசி எண், அவசரப் பிரிவுள்ள ஆஸ்பத்திரி எங்கே, எத்தனை மைல், நிர்வாகம் நியமித்த டாக்டர் யார், இரவில் கார் எடுக்கக்கூடியவர் யார், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்.

டிரஸர் அறை பூட்டிக் கிடக்கும் தோட்டங்களில், ஏன் பூட்டியிருக்கிறது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நிர்வாகம் செய்திருக்கும் ஏற்பாடு என்ன என்று கிளைத் தலைவர் எழுத்து மூலம் கேட்கட்டும். தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதாரத்தைப் பற்றியும் பேசுகிறது. கேட்பது பிச்சையல்ல, உரிமை.

படித்தோமா? பார்ப்போம்!

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. நம் வீட்டுக்குப் பக்கத்தில் எச்.ஏ. இருக்கும் கிளினிக் எது? இன்றைக்குத் திறந்திருக்கிறதா?
2. கிளினிக் டேசாவில் இருப்பவர் யார்?
3. இனிப்பு நீர் உள்ளவரின் காலில் வலியில்லாத புண் கண்டால் என்ன செய்வது?
4. நோய் விடுப்பு தொடங்கியதும் எத்தனை மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும்?
5. இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

ஐந்தாம் கேள்விக்குப் பதில் வராத வீடு, இன்று மாலையே அதற்குப் பதில் தேடட்டும்.

அந்த அக்கா இப்போது நலம். புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறார். மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போகிறார். போகும்போது லயத்தில் இரண்டு பேரையாவது கூட்டிப் போகிறார். "தம்பி, இவளுக்கும் சீனி பாரு" என்கிறாராம் அந்த எச்.ஏ.விடம். இரண்டு விரலைக் கொடுத்து அவர் கற்ற பாடத்தை நாம் ஒரு பக்கம் படித்தே கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

அடுத்த இதழில் சந்திப்போம். அதுவரை கால்களைக் கவனியுங்கள்!